காப்பிக் கொட்டை கப்பலேறிய கதை

மாதுங்கா ரயிலடியை ஒட்டிய காப்பிப் பொடிக் கடை வாயிலில் ஒரு முறையேனும் நின்றிராத தமிழ்க் குடும்பம் மும்பையில் அரிது. “பீபெரி கால் கிலோ, பிளாண்டேஷன் ஏ கால் கிலோ, சிக்கரி வேண்டா” என்று நாம் சொல்லுகிறோம். கடைக்காரர் வறுத்து அரைத்துச் சூடு ஆறாத பொட்டலத்தை நம் கையில் தருகிறார். தனித்தமிழ் அன்பர்கள் இதனைக் குளம்பி என்பர். நான் வழக்கு நோக்கிக் காப்பி என்றே எழுதுகிறேன். பெயர் எதுவாயினும் மணம் ஒன்றே.

ஆயின், பீபெரி என்பதும் பிளாண்டேஷன் ஏ என்பதும் எதனைக் குறிக்கும் பெயர்கள் என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்? அவை மலையின் பெயர்கள் அல்ல. ஊரின் பெயர்கள் அல்ல. தோட்ட முதலாளியின் பெயர்களும் அல்ல. அவை சல்லடையின் பெயர்கள். காப்பி விளையும் மலைக்கும் அது ஏறும் கப்பலுக்கும் இடையே ஓர் ஆலை இருக்கிறது. அந்த ஆலையில் தோல் நீக்கி, அளவு பிரித்து, பழுது பொறுக்கி வைத்த குவியல்களுக்கு இட்ட பெயர்களே இன்று நம் நாவில் வழங்குகின்றன.

நான் வாழும் சுனாபட்டியின் பெயருக்குச் சுண்ணாம்புக் காளவாய் என்பது பொருள். ரயிலில் இறங்கி ஏறுவோர் எவரும் காளவாயை நினைப்பதில்லை. தொழில் மறைந்தபின்னும் பெயர் நின்றுவிடுகிறது. காப்பியின் பெயர்களும் அத்தகையனவே. அப்பெயர்களுக்குப் பின்னே நின்ற தொழிலையும், அத்தொழிலைச் செய்த கைகளையும் சிறிது நினைவுகூர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலையும் தீவும்

17-ஆம் நூற்றாண்டில் பாபா பூதன் என்னும் முஸ்லிம் ஞானி, ஏமன் நாட்டு மோக்கா துறையிலிருந்து ஏழு காப்பி விதைகளைக் கொணர்ந்து சிக்கமகளூர் மலையில் விதைத்தார் என்பது நெடுநாள் வழங்கிவரும் செய்தி. அம்மலை இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. வீட்டுக் கொல்லையில் ஒன்றிரண்டு செடியாக வளர்ந்த காப்பி, பெருந்தோட்டப் பயிராக மாறியது 19-ஆம் நூற்றாண்டில்தான். சேர்வராயன் மலை, நீலகிரி, வயநாடு, குடகு எனக் காடு அழிந்து காப்பி படர்ந்தது.

அதே காலத்தில் கடல் கடந்த இலங்கையிலும் காப்பிக் காய்ச்சல் மூண்டது. 1820-களில் கண்டிச் சீமையில் தொடங்கிய தோட்டங்கள், 1870-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பத்து லட்சம் அந்தர் அளவுக்குக் காப்பியை ஏற்றுமதி செய்தன. அத்தோட்டங்களுக்கு ஆள் போனது எங்கிருந்து? திருச்சி, தஞ்சை, மதுரை, இராமநாதபுரம், சேலம் ஆகிய நம் மாவட்டங்களிலிருந்தே. தேயிலைக்குப் போனவர் குடியாகத் தங்கினர். காப்பிக்குப் போனவரோ பெரும்பாலும் பழம் பறிக்கும் பருவத்துக்குச் சென்று, பருவம் முடிந்ததும் திரும்பினர். தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை வரை நடந்தனர். காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டோர் பலர். ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கும் நமக்கு அந்த நடையின் துயரை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

காப்பியைப் பெருவணிகச் சரக்காக்கும் முறை திருந்தியதும் இலங்கையில்தான். பழத்தின் சதையை நீக்குவது தோட்டத்து வேலை. உள்தொலியை உரித்துத் தரம் பிரிப்பது கொழும்புக் கிட்டங்கிகளின் வேலை என்று பணி இரண்டாகப் பிரிந்தது. சதை நீக்கும் பொறிகளைச் செப்பனிடவும் செய்யவும் ஜான் வாக்கர் என்பவர் 1854-இல் கண்டியில் பட்டறை வைத்தார். கொழும்பில் தொலி உரிக்கும் பொறி எப்படி இருந்தது? நம் ஊரில் சுண்ணாம்புக் காரை அரைக்க வட்டத் தொட்டியில் உருளை சுழலுமே, ஏறத்தாழ அதனைப் போன்றது. தொட்டியில் கொட்டையை இட்டுத் தகடு போர்த்த கனத்த சக்கரத்தைச் சுழற்றினர். தொலி நொறுங்கிக் கொட்டை வெளிப்படும். பின்னர்ப் பெண்கள் வரிசையாக அமர்ந்து பழுது பொறுக்குவர்.

1869-இல் இலங்கைக் காப்பி இலையில் செம்பழுப்பான துரு நோய் கண்டது. இருபது ஆண்டுகளுக்குள் காப்பி வீழ்ந்து தேயிலை எழுந்தது. தென்னிந்தியத் தோட்டங்களையும் அந்நோய் வருத்தியது. எனினும் மரநிழலில் வளர்ந்த நம் காப்பி முற்றும் அழியவில்லை.

கோவையின் வெயில்

மலையில் விளைந்ததை மலையிலேயே ஏன் முழுதும் பதப்படுத்தவில்லை என்ற ஐயம் எழலாம். காரணம் வெயில். நீலகிரியிலும் வயநாட்டிலும் மூடுபனியும் ஈரமும் மிகுதி. தொலியோடு கூடிய கொட்டை தோட்டத்துக் களத்தில் ஓரளவே காயும். நெல்லுக்கு உமி போலக் காப்பிக்கு அத்தொலி காப்பு. அது நீங்கிய கொட்டை ஈரத்தை உறிஞ்சி நிறம் வெளுத்துக் கெடும். ஆகவே தொலியோடு மலையிறக்கி, வறண்ட சமவெளியில் மீண்டும் காயவைத்து, கப்பலுக்கு அனுப்பும் தறுவாயில் உரிப்பதே முறையாயிற்று.

அதற்கு வாய்ப்பான ஊர் கோயம்புத்தூர். நீலகிரி ஒரு பக்கம், ஆனைமலை மறுபக்கம், வயநாட்டு மலைவழியும் எட்டாத தொலைவன்று. மலைகளின் மறைவால் மழை குறைவு. பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்றும் உண்டு. இராபர்ட் ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1861-இல் இங்கே காப்பி பதனிடும் ஆலையைத் தொடங்கினார். மறு ஆண்டே, 1862-இல், சென்னையிலிருந்து மேற்குக் கரையின் பேப்பூர் வரை இருப்புப்பாதை நிறைவுற்றது. அதே ஆண்டில் அவர் தொடங்கிய பள்ளி இன்றும் கோவையில் அவர் பெயரால் விளங்குகிறது. பஞ்சாலைகளின் நகரம் என்று நாம் அறிந்த கோவை, பஞ்சாலைப் புகைபோக்கிகள் எழுவதற்கு முன்பே காப்பிக் களங்களைக் கண்ட ஊர் என்பது நினைவிற் கொள்ளத் தக்கது.

மேற்குக் கரையிலோ, கள்ளிக்கோட்டையில் பியர்ஸ் லெஸ்லி நிறுவனமும், கொச்சியில் ஆஸ்பின்வால் நிறுவனமும் 1860-களில் தோன்றிக் காப்பி வணிகத்தில் ஓங்கின. தலைச்சேரி, மங்களூர், மைசூர்ச் சீமையின் ஹுன்சூர் ஆகிய ஊர்களிலும் பதனிடும் ஆலைகள் எழுந்தன. நம் மும்பைக்கும் இதில் பங்கு உண்டு. 1851-இல் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரிலும் பம்பாயிலும் ஒருங்கே தொடங்கிய வோல்கார்ட் சகோதரர்கள் நிறுவனம் பருத்தியோடு காப்பியையும் ஐரோப்பாவுக்கு ஏற்றியது. அந்நிறுவனமும் டாட்டா நிறுவனமும் கூடி 1954-இல் தோற்றுவித்ததே, குளிர்சாதனப் பொறிகளால் நாம் அறிந்த வோல்டாஸ்.

உமியும் தவிடும்

இனி ஆலைக்குள் நுழைவோம். காப்பி இரு வடிவில் ஆலையை அடைகிறது. தோட்டத்திலேயே சதை நீக்கி, ஓரிரு நாள் புளிக்கவைத்து, கழுவி, தொலியோடு உலர்த்தி வருவது ஒன்று. இதற்குப் பார்ச்மெண்ட் என்று பெயர். பழத்தை அப்படியே வெயிலில் உலர்த்தி, குலுக்கினால் உள்ளே கொட்டை கலகலக்கும் நிலையில் வருவது மற்றொன்று. இது செர்ரி எனப்படும். ஒரு கிலோ பச்சைக் கொட்டைக்கு ஐந்தாறு கிலோ பழம் வேண்டும் என்பது பொதுக் கணக்கு.

வந்த மூட்டைகளை முதலில் எடை போடுவர். மாதிரி எடுத்து ஈரம் பார்ப்பர். இன்று அதற்குக் கருவி உண்டு. முன்னாளில் கைதேர்ந்தவர் கொட்டையைப் பல்லில் கடித்தே சொல்லிவிடுவர். ஈரம் மிகுந்திருந்தால் களத்தில் பரப்பி மீண்டும் உலர்த்துவர். 10 முதல் 11 விழுக்காடு வரை ஈரம் நிற்பது நலம். மிகுந்தால் பூசணம் பூக்கும். மிகக் குறைந்தால் உரிக்கும்போது உடையும்.

அடுத்து, கல், குச்சி, ஆணி முதலியவற்றை அகற்றிய பின் உரிக்கும் பொறியில் இடுவர். பார்ச்மெண்டின் தொலியும், செர்ரியின் காய்ந்த மேலோடும் இங்கே நீங்கும். அதன்கீழ் கொட்டையோடு ஒட்டியிருக்கும் மெல்லிய வெள்ளித் தோலை மெருகிடும் பொறி போக்கும். நெல்லறிந்த நமக்கு இது புதிதன்று. தொலி என்பது உமி. வெள்ளித் தோல் என்பது தவிடு. அரவையில் சூடு மிகாமற் பார்ப்பதே கைத்திறன். சூடேறிய கொட்டையின் நிறமும் மணமும் கெடும்.

பிறகு சலித்தல். அளவு அளவாகத் துளையிட்ட தகட்டுச் சல்லடைகள் அசைய, கொட்டைகள் பருமன் வாரியாகப் பிரியும். சல்லடையின் எண் துளையின் அகலத்தைச் சொல்லும். 17-ஆம் எண் என்றால் ஓர் அங்குலத்தின் 64 கூறுகளில் 17 கூறு. அதில் தங்கும் பெருங்கொட்டை ஏ தரம், அதன்கீழ் 15-ஆம் எண்ணில் தங்குவது பி, அடுத்தது சி. கழுவிய அராபிக்கா வகைக்குப் பிளாண்டேஷன் என்பது வணிகப் பெயராதலால், பிளாண்டேஷன் ஏ என வழங்கலாயிற்று.

பீபெரியின் கதை வேறு. காப்பிப் பழத்தில் வழக்கமாக இரு கொட்டைகள் முகத்தோடு முகம் பொருந்தி இருக்கும்; அதனால் ஒரு பக்கம் தட்டை. சில பழங்களில் ஒன்றே முதிர்ந்து, பட்டாணி போல் உருண்டுவிடும். அந்த ஒற்றைக் கொட்டையை நீள்துளைச் சல்லடை தனியே பிரித்தெடுக்கும். உருண்டை வடிவால் சீராக வறுபடும் என்பதே அதற்குரிய மதிப்பு.

சலித்தபின் காற்றடித்துக் கனமில்லாதவற்றை நீக்குவர். இத்தனைக்குப் பின்னும் எஞ்சுவது பழுது: கறுத்தது, பழுத்த நிறமானது, பூச்சி துளைத்தது, சதை நீக்கும் பொறியில் வெட்டுப்பட்டது, நொறுங்கியது. இவை பருமனில் நல்ல கொட்டையை ஒத்தவையாதலால் சல்லடைக்கு அகப்படா. கண்ணுக்கும் விரலுக்குமே அகப்படும். அழுகிய ஒரு கொட்டை ஒரு பானைக் காப்பியையே கெடுக்க வல்லது.

பொறுக்கிய கைகள்

என் அம்மாவைப் பெற்றவரை, கொங்கு நாட்டு வழக்கப்படி, அம்மிச்சி என்று அழைப்போம். அவர் இளமையில் கோவையில் ஒரு காப்பி ஆலையில் கொட்டை பொறுக்கியவர். நீண்ட கூடத்தில் பெண்கள் வரிசையாக அமர்ந்திருப்பர். முன்னே ஒரு குவியல், மடியருகே முறம். கறுப்பு ஒரு புறம், நொறுக்கு ஒரு புறம், நல்லது நடுவில். மாலையில் மேஸ்திரி வந்து ஒரு கைப்பிடி அள்ளிப் பார்ப்பார். கணக்குக்கு மேல் கறுப்பு கண்டால் பொறுக்கிய அத்தனையையும் மீண்டும் குவியலில் கொட்டிவிடுவார். கூலி எடைக்கு, இரண்டாம் முறை பொறுக்குவதற்குக் கூலி இல்லை. கண் மங்கத் தொடங்கிய மூத்த பெண்கள், பார்வை கூர்ந்த சிறு பெண்களை அருகில் அமர்த்திக்கொண்டு, வெற்றிலை வாங்கித் தந்து உதவி பெறுவராம். அம்மிச்சியும் முதலில் அத்தகைய சிறு பெண்ணாகத்தான் அமர்ந்தார், பின்னாளில் மூத்தவரானார்.

நான் சிறுவனாயிருந்தபோது ஒரு முறை அவர் சுனாபட்டியில் எங்கள் ஒற்றை அறை வீட்டுக்கு வந்து தங்கினார். அந்நாளில் அம்மா பச்சைக் கொட்டை வாங்கி வீட்டிலேயே வறுப்பார். மாதுங்காவிலிருந்து வந்த கொட்டையைத் தாம்பாளத்தில் கொட்டியதும், ஒருவரும் கேளாமலே அம்மிச்சி தாம்பாளத்தை இழுத்து மடியருகே வைத்துக்கொண்டார். அவர் விரல்கள் ஓடியதை நான் வியந்து பார்த்தேன். நல்ல கொட்டை என்று நாங்கள் எண்ணியதிலிருந்து இரண்டு கறுப்பை எடுத்துத் தரையில் வைத்தார். பிறகு அம்மாவிடம், “பொறுக்குனவளுக்குக் கண்ணு அசந்துருச்சாட்ட இருக்குது. மேஸ்திரி பாக்காம இருந்தாச் செரி” என்றார்.

அந்த இரு கொட்டைகளில் எனக்குத் தெரிந்தது குறை. அவருக்குத் தெரிந்தது, எங்கோ ஒரு கூடத்தில் அமர்ந்திருக்கும் முகம் அறியாத ஒரு பெண்ணின் களைப்பு. நூல்களில் ஸ்டேன்ஸின் பெயர் உண்டு; வாக்கரின் பெயர் உண்டு. அந்தக் கூடங்களில் அமர்ந்த பெண்களின் பெயரை நான் எந்த நூலிலும் கண்டதில்லை.

மழை செய்த மாயம்

பதனிடும் கலையில் நம் மேற்குக் கரைக்கே உரிய விந்தை ஒன்று உண்டு. பாய்மரக் கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிச் சென்ற காலத்தில், காப்பி ஐரோப்பாவை அடையப் பல மாதங்கள் ஆயின. கடற்காற்றின் ஈரத்தை உறிஞ்சிய கொட்டை வழியிலேயே பருத்து, பச்சை நிறம் மாறி வைக்கோல் நிறம் எய்தியது, புளிப்பு அடங்கியது. வாங்கியவர் அச்சுவைக்கே பழகிவிட்டனர்.

1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. நீராவிக் கப்பலில் சில வாரங்களிலேயே பச்சை மாறாத காப்பி போய்ச் சேர்ந்தது. சரக்கு புதிதாக வந்தும், பழைய சுவையைக் காணோமே என்று வாங்குவோர் குறைப்பட்டனர்! கடற்பயணம் செய்ததைக் கரையிலேயே செய்ய முடியுமா? மங்களூர், கள்ளிக்கோட்டைப் பகுதி ஆலைகள் வழி கண்டன. ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் பருவக்காற்றையே பணிக்கு அமர்த்தின. செர்ரிக் கொட்டையை உரித்து, பக்கங்கள் திறந்த கிட்டங்கியில் நாலைந்து அங்குல உயரம் பரப்பி, நாள்தோறும் கிளறி, பின் தளர்வாக மூட்டை கட்டிக் காற்றுப் புக இடைவெளி விட்டு அடுக்கி, மீண்டும் அவிழ்த்துக் கொட்டி, மூன்று நான்கு மாதங்கள் பேணினால் கொட்டை பருத்துப் பொன்னிறம் பெறும். பருக்காதவற்றைப் பெண்கள் பொறுக்கி விலக்குவர். இதுவே மழைப்பதக் காப்பியான மான்சூன்ட் மலபார். இன்று இது புவிசார் குறியீடு பெற்ற சரக்கு.

சட்டமும் சந்தையும்

1930-களின் மந்தத்தில் விலை வீழ்ந்தபோது, காப்பியை நாட்டினுள்ளேயே பரப்ப முயற்சி எழுந்தது. 1936-இல் பம்பாய் சர்ச்கேட்டில் முதல் இந்தியா காப்பி ஹவுஸ் திறக்கப்பெற்றது. இரண்டாம் உலகப் போர் ஐரோப்பியச் சந்தையை அடைத்தது. தோட்டங்களைக் காக்க 1940-இல் அவசரச் சட்டமும், 1942-இல் காப்பிச் சட்டமும் வந்தன. விளைந்ததை ஒரு பொதுக் குவியலில் சேர்க்க வேண்டும். காப்பி வாரியமே விற்கும். தரத்துக்கேற்ற புள்ளிக் கணக்கில் விவசாயிக்குத் தவணை தவணையாகப் பணம் வரும். அக்குவியலின் வாயில் உரிமம் பெற்ற பதனிடும் ஆலைகளே. ஆலையின் சல்லடை சொல்லும் தரமே விவசாயியின் வருவாயை அளந்தது. ஆதலின் ஆலை வாசலில் விவசாயி அஞ்சி நின்ற நாள்களும் உண்டு.

போருக்காக வந்த ஏற்பாடு போர் முடிந்தும் ஐம்பதாண்டு நீடித்தது. 1992 முதல் படிப்படியாகத் தளர்ந்து, 1996-இல் விவசாயிகள் தம் விளைச்சல் முழுவதையும் விரும்பியவர்க்கு விற்கும் உரிமை பெற்றனர். இன்று நம் நாடு ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்றரை லட்சம் டன் காப்பி விளைவிக்கிறது. அதில் பெரும்பகுதி கடல் கடக்கிறது. மிகுதியாக வாங்கும் நாடுகளில் இத்தாலியும் ஜெர்மனியும் முன்நிற்கின்றன. ஆலைகள் பலவும் விளைநிலத்தை ஒட்டிக் குடகு, ஹாசன், சிக்கமகளூர்ப் பகுதிகளில் பெருகிவிட்டன. ஒளி பாய்ச்சி நிறம் அறியும் பொறி கறுப்புக் கொட்டையைக் கண்டதும் காற்றால் தள்ளிவிடுகிறது. ஆயினும் உயர்ந்த தரங்களுக்கு இன்றும் பெண்களின் கண் கடைசியாகத் தேவைப்படுகிறது.

சணல் சாக்கில் 60 கிலோ கட்டி, பன்னாட்டுக் காப்பி அமைப்பின் குறியைச் சாக்கில் பொறிப்பர். அதில் முதலில் வரும் 14 என்பது இந்தியாவின் எண். அடுத்து ஏற்றுமதியாளர் எண், சரக்கின் எண். உயர்தர ரொபஸ்டாவுக்கு ‘ரொபஸ்டா காப்பி ராயல்’ என்று பெயர். ஆங்கிலப் பெயரின் நடுவே நாம் உச்சரிக்கும் ‘காப்பி’ என்ற ஒலியே அமர்ந்து கப்பலேறுவது மகிழ்ச்சி தருவதுதான்.

மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தராகக் காலங்கழிக்கும் எனக்கு எண்களோடு பகையில்லை. வறுக்காத காப்பிக்குச் சுங்க ஏட்டில் 0901 11 என்று தலைப்பு. டன் எவ்வளவு, ரூபாய் எவ்வளவு, எந்நாட்டுக்கு என்பன அதன்கீழ் ஒழுங்காக நிற்கும். அந்தப் பத்திகளில் பொறுக்கியவர் யார் என்பதற்கு ஒரு பத்தி இல்லை. ஏட்டின் மேல் குறைகூற முடியாது. அது அதன் வேலையைச் செய்கிறது. ஏடு எழுதாததை எழுத வேண்டியவர் நாம்.

நம் சங்கத்தைச் சேர்ந்த இல்லங்களில் கோவை, குன்னூர், ஏற்காடு, வால்பாறை ஊர்களை வேராகக் கொண்டோர் பலர் உளர். காப்பி ஆலையிலோ தோட்டத்திலோ உழைத்த முதியவர் ஒருவர் இன்னும் இருப்பாரேல், அவர் அருகில் அமர்ந்து கேட்டு எழுதி வைப்போம்: நாட்கூலி எவ்வளவு, களத்தில் எத்தனை பேர், மேஸ்திரி என்ன சொன்னார், பாட்டு ஏதும் பாடினீர்களா என்று. என் அம்மிச்சியிடம் இவற்றில் பாதியைக்கூட நான் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றிய வயதில் அவர் இல்லை.

இன்றும் எங்கள் வீட்டுக்கு மாதுங்காவிலிருந்துதான் பொடி வருகிறது. அரைத்த பொடியில் கறுப்பும் நொறுக்கும் யாருக்குத் தெரியும்? ஆயினும் ஆண்டுக்கு ஒரு முறை, அம்மிச்சியின் நினைவு நாளில், அம்மா பச்சைக் கொட்டையாகவே வாங்கிவரச் சொல்வார். தாம்பாளத்தில் பரப்பிக் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு பொறுக்குவார். கறுப்பு அகப்பட்டால் ஒன்றும் சொல்லாமல் எடுத்து வைத்துவிட்டு, அடுப்பைப் பற்றவைக்கச் சொல்வார்.